சின்னத் தண்டவாளம் – 9: பச்சையை நம்பாதே

1872இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் தண்டவாளத்தையே மின்சுற்றாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத் துண்டின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே. மின்சாரம் ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும் வரை பச்சை. வண்டி ஏறினால் அதன் அச்சு இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலே விழும், சிவப்பு எரியும். பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு, வயர் அறுந்தாலும் சிவப்பு. இதுதான் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம்.

மேஜை மேல் ஓடும் மாதிரி ரயிலில் எல்லாம் தலைகீழ். அங்கே தண்டவாளத்தில் ஓடுவது என்ஜினை ஓட்டும் மின்சாரம். அந்தத் துண்டில் ஏதாவது மின்சாரம் இழுக்கிறதா என்றுதான் பெரும்பாலான டிடெக்டர்கள் பார்க்கின்றன. இழுத்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் வயரின் பற்றவைப்பு விட்டுப்போனால்? என்ஜின் அங்கேயே நிற்கும், பின்னால் வருகிற வண்டிக்குப் பச்சை கிடைக்கும்!

பெட்டிகளின் கதையும் இதுதான். மோட்டார் இல்லாத பெட்டி மின்சாரம் இழுக்காது. அதனால் அதன் அச்சில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டுவது வழக்கம். 12 வோல்ட்டில் அது இழுப்பது வெறும் 1.2 மில்லி ஆம்பியர். சக்கரத்தில் கொஞ்சம் அழுக்குப் படிந்தால் போதும், டிடெக்டருக்குப் பெட்டியே தெரியாது.

சிக்னல் தப்பாக எரிந்தால் பலரும் முதலில் டிடெக்டர் போர்டைத்தான் கழற்றுவார்கள். வேண்டாம். வண்டியை எடுத்துவிட்டு, பவர் இருக்கும்போதே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தண்டவாளங்களின் குறுக்கே வையுங்கள். சிவப்பு வந்தால் போர்டு, வயர், விளக்கு மூன்றும் சரி, சக்கரத்தைத் துடைக்கலாம். வராவிட்டால் அதே ரெசிஸ்டரைப் போர்டிலிருந்து ஃபீடர் கிளம்பும் முனைகளில் வையுங்கள். அங்கே சிவப்பு வந்தால் இடைப்பட்ட வயரிலோ தண்டவாளங்களை இணைக்கும் ஜாயினரிலோ கோளாறு. அங்கேயும் வரவில்லையென்றால்தான் போர்டைத் தொட வேண்டும்.

வண்டியே இல்லாமல் சிவப்பு எரிகிறதா? புதிதாக ஜல்லி ஒட்டியிருந்தால் பசை காயும் வரை காத்திருங்கள். ஈரத்தின் வழியாக மின்சாரம் கசியும். துண்டுகளுக்கு இடையே விட்ட இடைவெளி மரச்சட்டம் சுருங்கி மூடிக்கொள்வதும் உண்டு. வண்டி ஒழுங்காக ஓடும், பக்கத்துத் துண்டின் சிக்னல் மாறும். இடைவெளியில் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகினால் தீர்ந்தது.

தடம் மாற்றும் பாயிண்டின் விளக்கிலும் இதே ஏமாற்று. பல கட்டுப்பாட்டுப் பலகைகளில் அந்த விளக்கைச் சுவிட்சோடு இணைத்திருப்பார்கள். நாம் கேட்டதை அது காட்டும், பாயிண்ட் உண்மையில் திரும்பியதா என்பதைக் காட்டாது. நிஜ ரயில்வேயில் பாயிண்டின் நாக்கு சரியாகப் பொருந்தியது உறுதியானால்தான் சிக்னல் கிடைக்கும். நீங்களும் விளக்கைப் பாயிண்ட் மோட்டாரின் துணைக் காண்டாக்ட்டில் இணையுங்கள்.

பாயிண்ட் மோட்டாரின் காயில் கருகுவது, அதற்குக் கெபாசிட்டர் வைத்தியம் இரண்டும் அடுத்த வாரம். அதற்குள் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வாங்கி மேஜையடியில் தொங்கவிடுங்கள்.