அடி… பிடி… விட்டுடாதே!

புரோட்டான் சாகா 1985இல் வந்தது. அதற்குப் பிறகுதான் கெடா தோட்டங்களில் லயத்து வாசல்களில் சொந்தக் காடி பரவலாக நிற்கத் தொடங்கியது. அதற்கு முன் தோட்டத்தில் காடி என்றால் துரையுடையது. மிஞ்சினால் கிராணியார் வீட்டு மோரிஸ் மைனரோ டட்சனோ.

பீடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்கள் தெரியும். தோட்டத்து லோரியையும் டிராக்டரையும் பார்த்துக்கொண்ட டிரைவர் அண்ணன் பிரேக்கில் தங்கிய காற்றை எடுக்கக் காடிக்கு அடியில் படுத்திருப்பார். சக்கரத்தின் பின்புற நிப்பிளில் ஒரு ரப்பர் குழாய். அதன் மறுமுனை, கொஞ்சம் பிரேக் எண்ணெய் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கும். வீட்டுப் பையன் ஸ்டீரிங் முன்னால். "அடி… அடி… பிடிச்சுக்கோ, விட்டுடாதடா தம்பி!" பையன் மிதித்துப் பிடித்ததும் நிப்பிளைத் திறப்பார். பாட்டிலில் குமிழி கொப்பளிக்கும். நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்பார். முந்திக் காலை எடுத்தால் பிரேக் குழாய் மறுபடி காற்றை உறிஞ்சிக்கொள்ளும். இன்னொருவர் மேலே டப்பாவில் எண்ணெய் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருப்பார். பெரும்பாலான காடிகளில் தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து டிரைவர் பக்கத்து முன் சக்கரத்தில் முடிப்பார்கள்.

எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்று நின்றுவிட்டால் காலின் வலு அதைச் சுருக்குவதிலேயே போய்விடும். சக்கரத்தைப் பிடிக்க மிச்சம் இருக்காது. அந்தப் பையன்கள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. பஞ்சு மாதிரி இருந்த பிரேக் கல்லாக இறுகுவதைக் காலாலேயே தெரிந்துகொண்டார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் சுங்கைப்பட்டாணித் தாமான்களுக்கும், 1996இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா பக்கமும் குடிபெயர்ந்தன. இன்று தாமான் வீட்டு போர்ச்சில் மைவிக்கு ஜாக்கி போட்டு, ஷோப்பியில் வாங்கிய பிரேக் பேடை யூடியூப் பார்த்து மாட்டுகிறார் ஒரு தம்பி. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். தன் வண்டியைத் தானே கழற்றிப் பார்க்கும் கை நம் வீடுகளில் இருக்க வேண்டும். ஆனால் உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பிடிக்கவும் ஆளில்லை, பக்கத்தில் நின்று 'இது சரியில்லை' என்று சொல்லும் டிரைவர் அண்ணனும் இல்லை. பேடு மாட்டியதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. பிரேக் வேலை அங்கே முடிவதில்லை.

பேடை மட்டும் மாற்றியிருந்தால், பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரைக்கே போகும். வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் இறுகும்வரை நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் மெத்தென்று இருந்தால் பேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறதா, கேலிப்பர் பின் இறுகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். குழாயைக் கழற்றியிருந்தால் சந்தேகமே வேண்டாம், காற்றுதான். எவ்வளவு எடுத்தாலும் தீரவில்லையா? இடது, வலது கேலிப்பர்கள் மாறியிருக்கலாம். நிப்பிள் கீழே பார்த்தபடி இருந்தால், மேலே தங்கிய காற்று எந்தக் காலத்திலும் வெளியே வராது.

பின் சக்கரத்தையும் மறக்க வேண்டாம். சாகாவும் மைவியும் இன்றும் பின்னால் டிரம்தான். ஷூவைச் சரியாக நெருக்கி வைக்காவிட்டால் முதல் மிதி ஆழமாகப் போகும், இரண்டாம் மிதி மேலே நிற்கும். இதைக் காற்று என்று நினைத்துப் பாட்டில் பாட்டிலாக எண்ணெயை வீணாக்குகிறவர்கள் உண்டு.

ஏபிஎஸ் அன்றைய லயத்து வாசலில் இல்லாத சிக்கல். அதன் பம்புக்குள் காற்று புகுந்துவிட்டால், பல வண்டிகளில் பட்டறைக்காரர் ஸ்கேனரை மாட்டி அதை ஓடவிட்டால்தான் வெளியேறும். அங்கே காலும் பாட்டிலும் போதாது.

எண்ணெயின் குணம் மட்டும் மாறவில்லை. அது ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் 140 டிகிரிதான் அதற்கு வைத்திருக்கும் வரம்பு. 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராயிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறி, எண்ணெயில் ஆவி கிளம்பி, கால் கீழே போய்விடும். இறக்கத்தில் சின்ன கியர் போடுங்கள். பாதி வைத்த பழைய பாட்டிலை ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. இஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். ஆரம்பித்தவுடன் கொஞ்சம் இறங்குவது இயல்பு. மெல்ல மெல்லத் தரைவரை இறங்கிக்கொண்டே போனால், எங்கும் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் போயிருக்கும். பழைய வண்டியில் காற்று எடுக்கும்போது தரைவரை மிதித்தால் இப்படி ஆவதுண்டு. அதைத் தடுக்கவே மிதிக்குக் கீழே ஒரு கட்டையை வைப்பார் டிரைவர் அண்ணன். சோதனையில் மிதி அப்படித் தரைவரை இறங்கினால், பட்டறை பக்கத்துத் தெருவில் இருந்தாலும் ஓட்டிப் போகாதீர்கள், இழுவை லோரியைக் கூப்பிடுங்கள்.