நடுக்கள வீரரின் நிலைமாற்றம்

உதைபந்தாட்டத்தை எல்லைக்கோட்டருகே நின்று காண்போர் பந்து செல்லும் வழியே கண்ணைச் செலுத்துவர். பதினொருவருள் ஒவ்வொருவரும் தமக்கென வகுக்கப்பட்ட இடத்தில் நின்று ஆற்றும் தொழில் அவர்களுக்கு எளிதிற் புலனாவதில்லை. அவ்விடங்களுள் நடுக்களத்தின் முற்பகுதி தனிச்சிறப்பு வாய்ந்தது. எதிரணியின் நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியில் நின்று, முன்வரிசை வீரருக்கு வழி திறந்து விடுபவர் அங்கு ஆடுபவர். பத்தாம் இலக்கச் சட்டை பெரும்பாலும் அவருக்கே உரியது. இத்தாலியர் அவரைத் 'திரெக்குவார்த்திஸ்தா' என்பர். களத்தின் முக்காற் பங்கில் நிற்பவர் என்பது அச்சொல்லின் கருத்து. அவ்விடத்தில் ஆடிப் பழகிய ஒருவரை முப்பது யார் பின்னே கொணர்ந்து, தம் அணியின் பின்வரிசைக்கு முன்பாக நிறுத்தினால் அவர் அங்கும் சிறந்து விளங்குவாரா என்பது பயிற்றுநர் பலரைக் குழப்பிய வினாவாகும்.

நுட்பம் மிக்க வீரரைக் காவற் பணிக்கு இழுத்தல் தகாது என்பார் ஒரு சாரார். பந்தை ஆளத் தெரிந்தவர் எவ்விடத்திலும் ஆடுவார் என்பார் மறுசாரார். இவ்விரு கூற்றும் முழுமை பெற்றவை அல்ல. வீரரை மட்டும் நோக்கி, அவரைச் சூழ நிற்போரை நோக்காமையே இரண்டிற்கும் பொதுவான குறையாகும்.

ஆட்டக்காரரைப் பின்னே இழுத்துப் பயன்கொண்ட செய்தி புதிதன்று. 1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டன் வெம்பிளியில் அங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என வென்றபோது, ஒன்பதாம் இலக்கச் சட்டை அணிந்த ஹிதெக்குட்டி முன்னணி நடுவில் நில்லாது சற்றுப் பின்வாங்கி ஆடினார். அவரைப் பின்தொடர்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் நடுப் பின்வரிசை வீரர் தடுமாறினார். ஹிதெக்குட்டி மூன்று கோல்களை அடித்தார். எனினும் அவர் தாக்குபவராகவே இருந்தார். நின்ற இடமே மாறியது. தொழிலும் உடன்மாறுதலே கடினமானது. அதற்கு அந்திரேயா பிர்லோவின் வரலாற்றினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

பிர்லோ 1979இல் வட இத்தாலியின் பிரெசியா நகரை அடுத்த பிளேரோவிற் பிறந்தவர். 1995இல், பதினாறு வயதில், பிரெசியாக் கழகத்துக்காக முதல்தர ஆட்டத்திற் களமிறங்கினார். அக்காலத்தில் அவர் ஐயமின்றிப் பத்தாம் இலக்கத்துக்குரியவரே. 1998இல் இன்ரர் மிலான் கழகம் அவரை வாங்கியது; ஆயினும் அங்கு அவருக்கு நிலையான இடம் வாய்க்கவில்லை. இடையில் ஓராண்டு றெஜ்ஜினாக் கழகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கிண்ணத்தை இத்தாலி வென்றபோது அவரே முன்னின்று ஆடினார். இளையோருள் முதல்வராக விளங்கியவர் மூத்தோருள் இடம் பெறாமைக்கு ஒரு காரணம் வெளிப்படை. அவர் விரைந்தோட வல்லவரல்லர். ஒடுங்கிய வெளியிற் பந்தைப் பெற்றுத் திரும்புமுன் எதிரணியினர் அவர்மேற் பாய்ந்து விடுவர்.

2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மீண்டும் பிரெசியாவுக்கு இரவலாக வந்தார். அங்கே பத்தாம் இலக்கச் சட்டையை அணிந்திருந்தவர் றொபேர்த்தோ பாஜ்ஜோ. அவர் இருக்கும்போது அவ்விடம் இன்னொருவருக்குக் கிட்டுமா? முதியவரும் பட்டறிவு மிக்கவருமான பயிற்றுநர் கார்லோ மற்சோனே, பிர்லோவைப் பின்வரிசைக்கு முன்பாக நிறுத்தினார். இடமின்மையிற் பிறந்த ஏற்பாடு என்று அதனைக் கூறினும் தவறாகாது. ஏப்பிரல் 1ஆம் நாள் தூரின் நகரில் யுவென்ரஸ் கழகத்துக்கெதிரே நிகழ்ந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், பிர்லோ நடுக்களத்திலிருந்து நெடுந்தொலைவு அனுப்பிய பந்து பின்வரிசையினரின் தலைக்கு மேலாகச் சென்றது. பாஜ்ஜோ அதனை ஒரே தொடுகையில் அடக்கிக் கோல் காப்பாளரைக் கடந்து வலைக்குட் செலுத்தினார். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. பாஜ்ஜோவின் தொடுகையைப் புகழாதார் இலர். அப்பந்து எவ்விடத்திலிருந்து புறப்பட்டது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

முன்னே நிற்பவர் பெரும்பாலும் எதிரணியின் கோலுக்கு முதுகு காட்டியே பந்தைப் பெறுகிறார். தம் பின்னே யார் வருகின்றார் என்பதை அவர் காண்பதில்லை. பின்னே நிற்பவருக்கோ களம் முழுவதும் முகத்தெதிரே விரிந்து கிடக்கின்றது. தம்மை நெருங்குவோரை அவர் முன்கூட்டியே காண்கிறார். அவர்கள் நெருங்குவதற்கு ஓரிரு நொடிகள் செல்லும். முன்னே நிற்கையில் மெதுவான கால் பெருங்குறையாகத் தோன்றுகிறது. பின்னே நிற்கையில் அவ்விரு நொடிகள் அக்குறையை மறைத்து விடுகின்றன. முன்னே பத்துப் பதினைந்து யார் தொலைவுக்குள் அடங்கிய கொடுப்புகள் பின்னே நாற்பது யாராக நீளலாம். ஆகவே, தொலைநோக்கும் நெடுங்கொடுப்பும் உடையவருக்கு இம்மாற்றம் இறக்கம் ஆகாது. அவர்தம் ஆற்றலுக்கேற்ற வெளி அப்போதுதான் கிடைக்கின்றது. இத்தாலியர் இந்நிலையில் ஆடுபவரை 'றெஜிஸ்தா' என அழைப்பர். நாடகத்தையும் திரைப்படத்தையும் நெறிப்படுத்துபவருக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர்.

2001இல் ஏசி மிலான் கழகம் பிர்லோவை வாங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் அங்கு பயிற்றுநராக வந்த கார்லோ அன்செலொற்றியின் முன்வரலாறு சுவையானது. அவர் 1996 முதல் 1998 வரை பார்மாக் கழகத்தை நடத்தியபோது நால்வர், நால்வர், இருவர் என்னும் அமைப்பை இறுகப் பற்றியவர். பத்தாம் இலக்க வீரருக்கு அவ்வமைப்பில் இடமில்லை. ஜான்பிராங்கோ சோலாவைப் பக்கவாட்டில் ஆடச் செய்தார். சோலா 1996 நவம்பரில் இங்கிலாந்தின் செல்சீக் கழகத்துக்குச் சென்று விட்டார். மறுவருடம் பாஜ்ஜோ பார்மாவுக்கு வர இசைந்தும் அவரை ஏற்கவில்லை. பாஜ்ஜோ பொலோஞ்ஞாக் கழகத்திற் சேர்ந்து அப்பருவத்தில் 22 லீக் கோல்களை அடித்தார். தாம் அன்று செய்தது பிழை என அன்செலொற்றியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அமைப்புக்காக வீரரை இழந்த அவரே மிலானில் வீரருக்காக அமைப்பை வளைத்தார். றூயி கொஸ்தா, றிவால்டோ, சீடோர்ப் எனப் பத்தாம் இலக்கத்துக்குத் தக்கார் பலர் அங்கு குவிந்திருந்தனர். அவர்களை முன்னே வைத்துப் பிர்லோவைப் பின்னே நிறுத்தினார். முன்னே ஒருவரும் அவர் பின்னே இருவரும் அவர்க்கும் பின்னே மூவருமாக அகன்று செல்லும் அமைப்பையும் அவர் கையாண்டார். அது நத்தார் மரம் எனப் பெயர் பெற்றது.

பிர்லோவின் இருபுறமும் நின்றவர்களை மறத்தல் கூடாது. வலப்புறத்தே கத்தூசோ. அவர் ஓட்டத்துக்கும் பந்து பறித்தலுக்கும் பெயர் பெற்றவர். இடப்புறத்தே சீடோர்ப்; உடல்வலியும் நுட்பமும் ஒருங்கே அமைந்தவர். பின்னே நெஸ்ராவும் மல்டீனியும். பிர்லோ செய்யவியலாத வேலையைச் செய்ய ஏனையோர் இருந்தனர் என்பதே அவர் அங்கு நின்றதற்கு அடிப்படை. 2003 மே 28ஆம் நாள் மான்செஸ்ரரில் நிகழ்ந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இவ்வணி யுவென்ரஸ் கழகத்தைத் தண்ட உதைகளால் வென்றது. 2006 உலகக் கிண்ண அரையிறுதியில், யேர்மனிக்கெதிரே 119ஆம் நிமிடத்திற் பிர்லோ பாராமலே தள்ளிய பந்தைக் கிறொஸ்ஸோ கோலாக்கினார். பேர்லின் நகர இறுதியாட்டத்தில் மற்றெறாற்சி தலையால் அடித்த கோலும் பிர்லோவின் மூலையுதையிலிருந்தே வந்தது. அவ்விறுதியாட்டத்தின் சிறந்த வீரராகவும் அவரே தெரிவு செய்யப்பட்டார். பின்னே சென்றதனால் அவரது தாக்கும் திறன் மங்கவில்லை என்பதற்கு இதற்கு மேற் சான்று வேண்டா.

ஆனால், பிர்லோவைக் கண்டு எல்லோரையும் பின்னே இழுத்தல் பேதைமை. முன்னே நிற்பவர் துணிந்து முயல்வதற்கே நிறுத்தப்பட்டவர். பத்து முறை முயன்று எட்டு முறை பந்தை இழப்பினும், எஞ்சிய இரண்டிலும் கோலுக்கு வழி செய்தால் அவரைப் போற்றுவர். ஏனெனில், அவர் இழந்த பந்துக்கும் தம் கோலுக்கும் இடையே அணியிற் பெரும்பகுதி நிற்கின்றது. பின்னே நிற்பவர் பந்தை இழந்தால் இடையே நிற்போர் இருவரோ மூவரோதான். ஆகவே புதிதாகக் கற்பதிலும் பழகியதைத் துறத்தலே அவருக்குக் கடினமாகின்றது. ஆட்டத்தை எப்போதும் தாமே முடிக்க விரும்பும் இயல்பினர் இவ்விடத்திற் பெரிதும் இடர்ப்படுவர்.

லிவர்பூல் கழகத்தின் ஸ்ரீவன் ஜெறாட் 2008-09 பருவத்தில் முன்னணி வீரர் டொறெஸுக்குப் பின்னே நின்று 16 லீக் கோல்களை அடித்தவர். 2014இல், முப்பத்துமூன்று வயதில், பின்வரிசைக்கு முன்பாக நிறுத்தப்பட்டார். அவரது நெடுங்கொடுப்புகளால் அணி தொடர்ந்து பதினொரு லீக் ஆட்டங்களை வென்று முதலிடத்தில் நின்றது. ஏப்பிரல் 27ஆம் நாள் செல்சீக்கெதிரே தம்மிடம் வந்த பந்தை அடக்கத் தவறி அவர் வழுக்கி வீழ, டெம்பா பா தனியே ஓடிக் கோல் அடித்தார். ஆட்டம் 0-2 எனத் தோல்வி. இரண்டு புள்ளிகளால் அவ்வாண்டின் வெற்றிக்கிண்ணம் மான்செஸ்ரர் சிற்றிக்குச் சென்றது. வழுக்கி வீழ்தல் எவருக்கும் நேர்வது. முப்பது யார் முன்னே நிகழ்ந்திருப்பின் அதனை எவரும் நினைவிற் கொண்டிரார். இதனைக் காட்டி ஜெறாட் அந்நிலைக்குத் தகாதவர் என்று கூறுவோரின் முடிவு ஏற்புடையதன்று; அப்பதினொரு வெற்றிகளும் அவர் அங்கு நின்றபோது பெற்றவையே.

கிறிஸ்ரியன் எறிக்சனின் கதை வேறு. டென்மார்க்கின் தலைசிறந்த தாக்குதல் நடுக்கள வீரரான அவரை 2022 ஓகஸ்ற் 13ஆம் நாள் மான்செஸ்ரர் யுனைற்றெட், பிறென்ற்போட் கழகத்துக்கெதிரே நடுக்களத்தின் அடியில் நிறுத்தியது. தம் கோல் காப்பாளர் பெனால்ற்றி எல்லையருகே கொடுத்த பந்தை முதுகு காட்டிப் பெற்ற எறிக்சனிடமிருந்து ஜென்சன் அதனைப் பறித்துக் கோலாக்கினார். யுனைற்றெட் 0-4 எனத் தோற்றது. ஆட்டத்தை முன்னோக்கிக் காணும் வசதிக்காகவே ஒருவர் பின்னே அழைக்கப்படுகிறார். அங்கும் முதுகு காட்டிப் பந்தைப் பெற நேரின், முன்னிலையின் இடரும் பின்னிலையின் இடரும் ஒருங்கே அவர்மேல் விழும். அம்மாதமே அக்கழகம் றியல் மட்றிட்டிலிருந்து காசெமீறோவை வாங்கி எறிக்சனுக்குப் பக்கத்துணையாக்கியது. அதே காசெமீறோவே மட்றிட்டில் லூக்கா மொட்றிச்சின் பின்னே காவல் நின்றவர். முன்பு தாக்கி ஆடிய மொட்றிச் நடுக்களத்தில் ஆழ இறங்கி ஆடவும், 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று சம்பியன்ஸ் லீக் கிண்ணங்களை வெல்லவும் அக்காவல் பெரிதும் துணை செய்தது.

பின்னிலைக்கு மாறியவரின் வெற்றியே அவருக்குப் புதிய பகையைத் தேடித் தருவதும் உண்டு. 2010 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் மான்செஸ்ரர் யுனைற்றெட் மிலானைச் சந்தித்த இரு ஆட்டங்களிலும் அலெக்ஸ் பெர்குசன், கொரிய வீரர் பார்க் ஜி-சுங்கிடம் பிர்லோவை நிழல்போல் தொடரும் பணியை ஒப்படைத்தார். ஓய்வறியாத ஓட்டக்காரரான பார்க், பிர்லோவுக்கு வழக்கமாகக் கிடைத்த அவ்விரு நொடிகளையும் பறித்துக் கொண்டார். மிலான் முதலில் 2-3 எனவும் பின்னர் 0-4 எனவும் தோற்றது. தாக்குபவரைக் காவல் செய்யும் பழைய முறை தலைகீழாகி, காவல் வரிசைக்கு முன் நிற்பவரைத் தாக்குபவர் காவல் செய்யும் நிலை வந்தது.

2011இல் மிலானை நீங்கி யுவென்ரஸுக்கு வந்த பிர்லோவுக்குப் பயிற்றுநர் அந்தோனியோ கொன்ரே இதற்கு மாற்று வகுத்தார். விடால், மார்க்கீசியோ என்னும் இரு ஓட்டக்காரரை அவரின் இருபுறமும் நிறுத்தினார். பின்வரிசையின் நடுவே நின்ற பொனூச்சியும் நெடுந்தொலைவுக்குப் பந்து அனுப்ப வல்லவர். எதிரணி பிர்லோவைச் சுற்றி ஆள் நிறுத்தினால், அவர் விலகி நின்று அவர்களைத் தம்முடன் இழுத்துச் செல்வார். பொனூச்சி பின்னிருந்தே பந்தை முன்னணிக்கு அனுப்புவார். அப்பருவத்தின் 38 லீக் ஆட்டங்களுள் ஒன்றிலேனும் யுவென்ரஸ் தோற்கவில்லை.