கெஷியர் மேசைக் கணினி ஏன் ஊர்ந்தது?

நம்மில் பலரது கடைகளில் இன்று பில் போடுவதும், ஸ்டொக் பார்ப்பதும், கடன் கணக்கு வைப்பதும் கணினியில்தான் நடக்கின்றன. அது மெதுவாக ஓடத் தொடங்கினால் நாம் செய்வது இரண்டு விடயங்கள். ஒன்று, அதன் முன்னால் இருக்கும் பொடியனை ஏசுவது. மற்றது, புதிதொன்று என்ன விலையென்று விசாரிப்பது. இரண்டையும் நானும் செய்தவன். இரண்டுமே பிழை என்று எனக்குத் தெரியவந்த விதத்தை வியாபார நண்பர்களோடு பகிர்ந்துகொள்வது பிரயோசனமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஏப்ரல் ஆரம்பத்தில் நோன்பும் வந்துவிட்டது. எங்களுடையது புடவைக் கடை. வருடத்தின் பெரிய வியாபாரமே அந்த ஒரு மாதம்தான். பெட்டரி பூட்டிய இன்வேர்ட்டர் ஒன்றை வாங்கி இரண்டு பல்பையும் கணினியையும் அதில் ஓடவிட்டோம். பெட்டரி கூடுதல் நேரம் தாங்குவதற்காக, அதைப் பூட்டித் தந்தவர் கணினியிலும் ஏதோ ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டுப் போனார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அன்றைய நிலைமையில் அதைக் கேட்க நேரமும் இருக்கவில்லை.

மின்வெட்டு நின்றது. இன்வேர்ட்டர் மூலைக்குப் போனது. கணினி மட்டும் அப்படியே இருந்தது.

2024 பெருநாள் வியாபாரத்தின்போது கெஷியர் மேசைக்கு முன்னால் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பொடியன் பட்டனை அமத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். “என்ன தம்பி, நித்திரையா?” என்று ஆட்களுக்கு முன்னால் ஏசியிருக்கிறேன். “நான் என்ன செய்ற முதலாளி, அமத்தினாலும் அது வாறதில்லையே” என்பான். மாதமுடிவில் ஸ்டொக் அறிக்கை எடுக்க 11 நிமிடம். கடைசியில் புதிய கணினிக்கு விலை கேட்டேன். ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் சொன்னார்கள். முற்பணம் கொடுக்கக் காசையும் எடுத்து வைத்துவிட்டேன்.

அந்த வாரம் கடைக்கு வந்த என் மருமகன்தான் விடயத்தைப் பிடித்தான். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பட்டன்களையும் ஒன்றாக அமத்தி, டாஸ்க் மெனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்தைக் காட்டினான். பேஸ் ஸ்பீட் 3.10 கிகாஹேர்ட்ஸ் என்றிருந்தது. ஆனால் ஸ்டொக் அறிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே உண்மையான வேகம் 1.6ஐத் தாண்டவில்லை. “மாமா, இதக் கட்டிப்போட்டல்லவா வெச்சிருக்கீங்க” என்றான்.

விடயம் இதுதான். கணினியின் மூளையான ப்ரொசெசர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேலை குறைந்தால் வேகத்தைக் குறைத்து, வேலை வந்தால் கூட்டிக்கொள்ளும். வேகம் குறையும்போது அதற்குப் போகும் வோல்டேஜையும் குறைக்க முடிவதால் மின்சாரம் நன்றாகவே மிச்சமாகும். இன்டெல் நிறுவனம் 2000ஆம் ஆண்டளவில் மடிக்கணினிகளுக்காகக் கொண்டுவந்த இந்த ஏற்பாடு இப்போது எல்லாக் கணினிகளிலும் உண்டு. எந்த அளவுக்கு மேல் போகக்கூடாது என்ற எல்லையை விண்டோஸில் நாமே போடலாம். எங்கள் கணினிக்கு அந்த எல்லை 50 வீதம் என்று போடப்பட்டிருந்தது. இரண்டு வருடமாக அரைக் கணினியில்தான் முழுக் கடையையும் நடத்தியிருக்கிறோம்!

பார்க்கும் முறை கஷ்டமில்லை. கண்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸைத் திறவுங்கள். பாவனையிலுள்ள பிளானுக்கு எதிரே சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அதனுள் சேஞ்ச் அட்வான்ஸ்ட் பவர் செட்டிங்ஸ். வரும் பட்டியலில் ப்ரொசெசர் பவர் மெனேஜ்மென்ட் என்பதை விரித்தால் மினிமம், மெக்ஸிமம் என்று இரண்டு ஸ்டேட் இருக்கும். மெக்ஸிமம் 100 ஆக இருக்க வேண்டும். 99 என்று போட்டாலும், டர்போ வசதியுள்ள ப்ரொசெசர்களில் அந்த மேலதிக வேகம் பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு வீதம்தானே என்று விட்டுவிட வேண்டாம். விண்டோஸ் 11 உள்ள சில புதிய மடிக்கணினிகளில் இந்தப் பட்டியல் முழுதாகத் தெரியாது. அவற்றில் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், பவர் மோட் என்ற இடத்தில் பெஸ்ட் பெர்ஃபோமன்ஸைத் தெரிவு செய்யலாம்.

இதை வாசித்துவிட்டுச் சிலர் ஹை பெர்ஃபோமன்ஸ் பிளானையே போட்டுவிடலாமே என்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. வழமையாக அதில் மினிமமும் 100 ஆக இருக்கும். பகலில் ஆளில்லாத நேரத்திலும் ப்ரொசெசர் வேகத்தைக் குறைக்காது. அதனால் 40 வொட் கூடுதலாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 10 மணித்தியாலப்படி 26 நாளைக்குப் பத்து யூனிட்டுக்கு மேல். உங்கள் பில்லிலுள்ள கடைசி யூனிட்டின் விலையால் பெருக்கிப் பாருங்கள். பேலன்ஸ்ட் பிளானில் மினிமம் 5, மெக்ஸிமம் 100 என்று வைத்தால் தேவைப்படும் நேரத்தில் முழு வேகமும் கிடைக்கும்.

எல்லையை எடுத்த பிறகும் ஒரு பிரச்சினை வந்தது. சூடு. ப்ரொசெசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். எந்த செட்டிங்கும் அதைத் தடுக்காது. எங்கள் கணினிப் பெட்டியோ கெஷியர் மேசைக்கு அடியில், காற்றுப் போகாத தட்டில் இருந்தது. திறந்து பார்த்தால் விசிறியைச் சுற்றித் துணிப் பஞ்சு கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. புடவைக் கடைக்காரர்களே, தையல்கடைக்காரர்களே, இதை விசேடமாகக் கவனியுங்கள். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு, ஊதித் துப்புரவாக்கினால் போதும்.

அறிக்கை இப்போது ஆறு நிமிடத்துக்குள் வருகிறது. காலையில் திறக்கத்தான் நேரம் எடுத்தது. அது ப்ரொசெசரின் குற்றமல்ல, பழைய ஹார்ட் டிஸ்க்கின் குற்றம். அதற்கு மட்டும் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் பூட்டினேன். எடுத்து வைத்த காசில் பெரும்பகுதி சரக்குக்குப் போனது.

2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருளானதும், தொடர்ந்து சில நாட்கள் மின்வெட்டு இருந்ததும் ஞாபகமிருக்கும். மூலையிலிருந்த இன்வேர்ட்டர் மறுபடியும் வெளியே வந்தது. யூஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்த யூபிஎஸ் என்றால் விண்டோஸ் அதை ஒரு பெட்டரியாகவே கணக்கெடுக்கும். ஒன் பெட்டரி என்ற இடத்தில் 60, பிளக்ட் இன் என்ற இடத்தில் 100 என்று போட்டுவிட்டால் தானாகவே மாறிக்கொள்ளும். எங்களுடையது போன்ற சாதாரண இன்வேர்ட்டருக்கு அந்த வசதி இல்லை. கையால்தான் குறைக்க வேண்டும், கையால்தான் கூட்டவும் வேண்டும்.

அதனால் இம்முறை குறைத்த அன்றே திகதியையும் இலக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். மின்வெட்டு முடிந்த மறுநாள் காலையில் நான் கடைக்கு வரும்போது அந்தக் கடதாசி அங்கே இல்லை. பொடியன் 100க்கு மாற்றிவிட்டு, அதைக் கிழித்தும் போட்டிருந்தான்.