வீட்டுக்குள் ஒரு பூனை – 17: சொல்லாமல் போன உயிர்

போன வாரம் தடுப்பூசிகளைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் எழுதப்போவதைப் படிக்க யாருக்கும் மனசு வராது. ஆனாலும் பூனை வளர்க்கிற எந்த வீட்டுக்கும் ஒருநாள் இது தேவைப்படலாம்.

இரண்டு வயதுப் பூனை. ஊசியெல்லாம் முறையாகப் போட்டாயிற்று. ராத்திரி மீன் தின்றுவிட்டு அலமாரி மேலே ஏறிக் குதித்தது. விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடக்கிறது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இப்படிச் சாவு விழுந்த வீட்டில் அழுகையோடு சந்தேகமும் வந்துவிடும். 'பக்கத்து வீட்டுக்காரர் மருந்து வைத்திருப்பார்', 'கண் பட்டுவிட்டது' என்பார்கள். பழி போட வெளியே ஆள் இல்லையென்றால், 'நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்' என்று மனசு தன்னையே குத்தத் தொடங்கும்.

இளம் பூனைகள் திடீரென்று சாவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு: இதயத் தசை தடிக்கும் நோய். பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். இடது கீழறையின் சுவர் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்து, ரத்தம் நிரம்பும் இடம் குறுகிவிடும். ஒருநாள் துடிப்பு தாறுமாறானால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துபோகும். இதற்கான மரபணுக் கோளாற்றை மெய்ன் கூன் இனத்தில் 2005-லும், ராக்டால் இனத்தில் 2007-லும் கண்டறிந்தார்கள். நம் தெருவில் பிறந்த நாட்டுப் பூனைக்கும் இந்த நோய் வரும். நோயிருக்கும் பல பூனைகளிடம் ஸ்டெதாஸ்கோப் வைத்தாலும் வித்தியாசமான சத்தம் எதுவும் கேட்காது. எக்கோ எடுத்தால்தான் தெரியும். டாக்டர் காதுக்கே எட்டாததை நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பதில் நியாயமே இல்லை.

பாம்புக்கடி, எலி மருந்து, யாரோ தெரியாமல் கொடுத்த பாராசிட்டமால் மாத்திரை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பிரேதப் பரிசோதனைதான் வழி. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் உடனே விசாரியுங்கள். உடலைத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வையுங்கள். ஃப்ரீஸரில் வைக்க வேண்டாம். உறைந்தால் திசுக்கள் கெட்டுவிடும். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் இந்தச் சோதனை அவற்றையும் காப்பாற்றக்கூடும். அறுத்துப் பார்க்க மனசு வரவில்லையா? அதிலும் தப்பில்லை. சோதித்த பிறகும் காரணம் பிடிபடாத சாவுகள் உண்டு. தாளம் தப்பி நின்ற இதயம் எப்போதும் தடயம் விட்டுப்போவதில்லை.

குழந்தைகளிடம் 'ஓடிப்போயிடுச்சு' என்று சொல்லிவிடாதீர்கள். அது திரும்பி வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். செத்துப்போச்சு என்று சொல்லி, கூடவே உட்கார்ந்து நீங்களும் அழுங்கள். 'வீட்டுக்கு வர இருந்ததை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு' என்று பாட்டி சொன்னால், தர்க்கம் பேச வேண்டாம். அது அவருடைய ஆறுதல். 'பூனைதானே' என்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. காரணம் தெரிந்த பிறகுதான் அழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

மிச்சமிருக்கும் பூனை தன் கூட்டாளியைத் தேடிச் சாப்பாட்டை ஒதுக்குகிறதா? அதைத் தேற்றும் விதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)