திருகினால் கொதிக்கும் தண்ணீர்! காசு கொடுத்து வாங்கலாமா?

அடுப்பு வேண்டாம். பாத்திரம் வேண்டாம். குழாயைத் திருகினால் போதும். ஆவி பறக்கக் கொதிக்கும் தண்ணீர் கொட்டும்!

மந்திரம் அல்ல. இப்படி ஒரு குழாய் இருக்கிறது. ஐரோப்பாவில் வசதியான வீடுகளின் சமையல் அறைகளில் இதைப் பார்க்கலாம். காலையில் டீ போட அவசரப்படும் எந்த வீட்டிலும், "நம்ம வீட்டிலயும் ஒண்ணு மாட்டினா என்ன?" என்ற ஆசை வரத்தான் செய்யும்.

ஆசை சரி. அந்தக் குழாய் பந்தல்குடிக்குக் கட்டுப்படியாகுமா? அங்கேதான் சிக்கல்!

சூப்பில் பிறந்த யோசனை

இந்தக் குழாய்க்குத் தாய்நாடு ஹாலந்து. அங்கே யூனிலீவர் கம்பெனியில் வேலை பார்த்தவர் ஹென்றி பெட்டரி. 1970-ம் ஆண்டு, நொடியில் தயாராகும் சூப் பற்றி கம்பெனியில் ஆராய்ச்சி நடந்தது. "சூப் நொடியில் தயார் என்கிறோம். வெந்நீர் நொடியில் வேண்டாமா?" என்ற யோசனை அவருக்கு வந்தது. வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கினார். பல வருஷப் பாடு. பிறகு மகன்களும் சேர்ந்துகொள்ள, "குக்கர்" என்ற பெயரில் குழாய் கடைக்கு வந்தது. (நம்ம பிரஷர் குக்கர் வேறு, இது வேறு.)

சூட்சுமம் இதுதான். சமையல் மேடைக்கு அடியில் ஒரு சின்னத் தொட்டி. பிளாஸ்க் மாதிரி சூடு வெளியே போகாத கட்டு. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் கிடக்கும். குழாயைத் திறந்ததும் அழுத்தம் விட்டுப்போகும். தண்ணீர் கொதித்துக்கொண்டே வரும்.

விலை? ரூபாய்க் கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது!

அது வேறு, இது வேறு

"ஒரு லட்சமா? பஜாரில் ஆயிரம், ரெண்டாயிரத்துக்கே கரண்ட் குழாய் தொங்குதே!" என்று சிலர் கேட்கலாம்.

"அண்ணாச்சி, இதில் தண்ணி கொதிக்குமா?" என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். நேர்மையான அண்ணாச்சி, "கொதிக்காது தம்பி. சூடா வரும், அவ்வளவுதான்" என்பார்.

காரணம் எளிது. இந்தக் குழாய்கள் பெரும்பாலும் 3,000 வாட். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கிடைக்கும். குளிக்க, பாத்திரம் கழுவ அது போதும். அதே 3,000 வாட்டில் கொதிநீர் வேண்டும் என்றால் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலேதான் வரும். நூல் போல வடியும்! நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் கொதிநீர் வேண்டுமானால் ஏறக்குறைய 5,000 வாட் வேண்டும். சாதாரண வீட்டு வயரிங் தாங்குமா?

ஆகவே டீக்கும் காப்பிக்கும் என்று நினைத்து இதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிச்சம்.

பைசாக் கணக்கு

ஒரு வீட்டில் நாளைக்கு 5 லிட்டர் கொதிநீர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் யூனிட் 5 ரூபாய், 14.2 கிலோ காஸ் சிலிண்டர் 900 ரூபாய் என்று போடுவோம்.

ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க, கெட்டிலில் ஏறக்குறைய 0.09 யூனிட் ஆகும். 45 பைசா. காஸ் அடுப்பில் ஏறக்குறைய 10 கிராம் காஸ் எரியும். 63 பைசா.

இரண்டு மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால், கெட்டிலுக்கு 135 ரூபாய். காஸுக்கு 190 ரூபாய்.

கொதிநீர்க் குழாய்க்கு? தண்ணீரைக் காய்ச்ச 24 யூனிட். அதோடு போகாது. ராத்திரி எல்லோரும் தூங்கும்போதும் தொட்டியைச் சூடாக வைத்திருக்க 10 வாட் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு இரண்டு மாதத்தில் 14 யூனிட். இரண்டும் சேர்ந்து 190 ரூபாய்.

ஆக, காஸுக்கும் குழாய்க்கும் செலவு ஒன்றுதான். கெட்டில்தான் எல்லாவற்றிலும் மலிவு. குழாயில் மிச்சமாவது பணம் அல்ல, நேரம். அதுவும் எவ்வளவு? 1,500 வாட் கெட்டில் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க நாலு நிமிஷம் எடுக்கும். இந்த நாலு நிமிஷத்துக்கு ஒரு லட்சம்! ஆயிரம் ரூபாய்க் கெட்டில் என்றால் நூறு வாங்கலாம்.

சுண்ணாம்பு என்னும் வில்லன்

பணம் இருப்பவர், "லட்சம் போனால் போகட்டும்" என்று துணியலாம். அவரையும் பந்தல்குடி மண் சும்மா விடாது.

மதுரை-தூத்துக்குடி சாலையில், அருப்புக்கோட்டைக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே இருக்கும் ஊர் இது. சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கும் சுரங்கம் இங்கே உண்டு. சுண்ணாம்புக்கல் இருக்கும் பூமியில் ஊறும் தண்ணீர் கடினமாக இருப்பது இயற்கை. சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. பானையின் அடியில் வெள்ளை படியும். இதைப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

நடுவாக 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 5 லிட்டர் வீதம் வருஷத்துக்கு 1,825 லிட்டர். அதில் வரும் சுண்ணாம்பு 730 கிராம்! தண்ணீர் சூடாகும்போதுதான் இது கல்லாகப் பிரிந்து படியும். பாதி படிந்தால்கூட மூடிய சின்னத் தொட்டிக்குள் 350 கிராமுக்கு மேல் கல். சூடாக்கும் கம்பியின்மேல் அது போர்வை போல மூடும். கம்பி தன் சூட்டிலேயே கருகும். கரண்ட் கூடுதலாக இழுக்கும். கடைசியில் குழாய் படுத்துவிடும்.

கெட்டிலுக்கும் இதே கதிதான். ஆனால் கெட்டிலின் வாய் திறந்திருக்கிறது. கொஞ்சம் வினிகரோ எலுமிச்சம் சாறோ ஊற்றி, தண்ணீர் சேர்த்துக் காய்ச்சினால் வெள்ளை கரைந்து வரும். மேடைக்கு அடியில் பூட்டிய தொட்டியை யார் கழற்றுவது?

"ஆர்.ஓ. மெஷின் போட்டால் சரியாகிடுமே" என்பார்கள். ஆகும். ஆனால் வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாகப் போகும். குடத்துக்கு வரிசை நிற்கும் வானம் பார்த்த பூமியில் இது நியாயமா? அந்தக் கழிவு நீரைப் பிடித்துத் தரை துடைக்க, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்பவர் பிழைத்தார்.

தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்து சேரும் வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. போர் தண்ணீரையே நம்பி இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

மாடித் தொட்டி போதாது

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. ஹாலந்துக் குழாய்க்குத் தண்ணீர் இரண்டு பார் அழுத்தத்தில் வர வேண்டும். தொட்டி 20 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். ஏறக்குறைய ஆறு, ஏழு மாடி உயரம்! மாடியில் மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி கொடுப்பது 0.3 பார் மட்டுமே. பிறகு அழுத்தம் கூட்டும் மோட்டார் ஒன்றும் மாட்ட வேண்டும். அதற்கு ஒரு செலவு. கரண்ட் போனால் எல்லாமே கப்சிப்.

டீக்கடையில் பார்க்கலாம்

உண்மையில் கொதிநீர்க் குழாய் இந்த வட்டாரத்துக்குப் புதிது அல்ல. டீக்கடை பாய்லரைப் பாருங்கள். நடுவில் கரி எரியும் குழல். சுற்றிலும் தண்ணீர். அடியில் ஒரு குழாய். திருகினால் கொதிநீர்! ஹாலந்துக்காரர் யோசிப்பதற்கு முன்பே நம்ம ஊர் மாஸ்டர் திருகிக்கொண்டிருந்த குழாய்தான் அது.

கரிக்கும் பஞ்சம் இல்லை. திருச்சுழி, நரிக்குடி பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரி வெளியூருக்கே லாரியில் போகிறது.

டீக்கடைக்குப் பாய்லர் லாபம் தருவது ஏன்? விடிந்தது முதல் இருட்டும் வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் சும்மா கொதிப்பதில்லை. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாம், உள்ளே சுரண்டலாம். நாளைக்கு ஆறு டீ போடும் வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

உயிருக்கு உலை வைக்காதீர்

மலிவுக் குழாய் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் வயர் உருகும். 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த், கசிவு கண்டதும் கரண்டை வெட்டும் சுவிட்ச், ஐ.எஸ்.ஐ. முத்திரை — இந்த நாலும் இல்லாவிட்டால் குழாய் வேண்டவே வேண்டாம்.

சூடும் விளையாட்டல்ல. 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் பெரியவர் தோலையே வேக வைத்துவிடும். குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். சுட்டுவிட்டால் பேனா மை, பற்பசை எதையும் தடவாதீர்கள். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பிறகு டாக்டரிடம் போங்கள்.

முடிவு என்ன?

பத்துப் பேர் வேலை பார்க்கும் ஆபீஸ், ஓயாமல் டீ கேட்கும் கடை என்றால், மூடி திறந்து கழுவக்கூடிய மின்சார பாய்லர் வாங்கலாம். போட்ட காசு திரும்பும்.

வீட்டுக்கு? ஒரு கெட்டில், ஒரு நல்ல பிளாஸ்க். காலையில் ஒரு தரம் காய்ச்சி ஊற்றி வைத்தால் மத்தியானம் வரை சூடு நிற்கும். பிளாஸ்க்கின் தத்துவத்தை 1892-ல் ஜேம்ஸ் டூவர் கண்டுபிடித்தார். அதற்குக் கரண்டும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம்.

லட்ச ரூபாய்க் குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பந்தல்குடியில் எந்தக் குழாயை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது கடைக்காரர் அல்ல, கிணறு!