மின் பணி: உரிமம் மட்டும் போதுமா?

புதுதில்லி: 1997 ஜூன் 13 காலை, தில்லி உபஹார் திரையரங்கின் தரைத்தளத்தில் இருந்த மின்மாற்றியைப் பழுதுபார்த்தவர்கள் தெருவோர எலக்ட்ரீஷியன்கள் அல்லர், அன்றைய தில்லி மின்வாரியத்தின் ஊழியர்களே. கேபிள் முனையைப் பொருத்த உரிய இயந்திரம் இன்றி, சுத்தியலால் அடித்துப் பணியை முடித்தனர் என விசாரணையில் தெரியவந்தது. மாலையில் அதே மின்மாற்றி தீப்பற்றியது. புகை பால்கனி வரை சூழ்ந்தது. 59 பேர் மாண்டனர். 2007-இல் நீதிமன்றம் தண்டித்த 12 பேரில் வாரிய ஊழியர்களும் அடங்குவர்.

கட்டடங்களில் மின் பணியை யார் செய்யலாம் என்பதற்கு 1956-ஆம் ஆண்டு விதிகளிலேயே விடை உண்டு. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர், அனுமதி பெற்ற பணியாளர் ஆகிய மூவரும் வேண்டும். விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டுமே விலக்கு. மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023 ஒழுங்குமுறைகளும் இதையே வலியுறுத்துகின்றன.

மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. விதியை வகுப்பது மத்திய ஆணையம். உரிமம் வழங்குவது மாநிலங்கள். செய்து முடித்த வேலையைச் சரிபார்ப்பது யார் என்பதே சிக்கல். வீட்டு இணைப்புக்குப் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கையே ஆதாரம். அதில் கையொப்பமிடுபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் வேறொருவர் என்பது ஊரறிந்த நடைமுறை.