கயிறும் செய்மதியும்

வாப்பா விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் காணியில் பழைய தென்னைகள் பட்டுப்போயின. மறுநடுகைக்குக் கன்றுகளும் வந்திறங்கிவிட்டன. இனிக் குழிகளுக்கு அடையாளம் வைக்க வேண்டும். இதை ஒரு சின்ன வேலையென்று எண்ணிவிடாதீர்கள். தென்னைக்கு 26 அடி இடைவெளி. ஏக்கருக்கு 64 மரம். நெருங்கினால் ஓலைகள் பின்னிக்கொண்டு வெயிலுக்குப் போட்டியிடும். மரம் உயருமே தவிரக் காய்க்காது. பிழையாக நட்ட மரத்தை 60 வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாப்பாவின் காலத்தில் முடிச்சுப் போட்ட கயிறுதான். மூலையில் 30, 40, 50 அடி அளந்து முக்கோணம் பிடித்தால் மட்டம் சரியாக வரும். ஆனால் கயிறு இழுபடும். ஒவ்வொரு குழியையும் முந்திய குழியிலிருந்து அளப்பதால், 3 அங்குலப் பிழை பத்தாவது குழியில் 30 அங்குலமாகிவிடும். சரிவிலோ இன்னும் மோசம். 20 பாகைச் சரிவில் நிலத்தோடு படியவிட்டு அளந்த 26 அடி, மட்டத்தில் இருபத்து நாலரை அடிதான்.

மச்சான் கைத்தொலைபேசியைக் கொண்டு வந்தார். திறந்த வெளியிலும் அது நாலைந்து மீற்றர் தவறும். நமக்கு வேண்டிய இடைவெளியே எட்டு மீற்றர்! இரண்டு வரிசையோடு அந்த முயற்சி முடிந்தது.

எல்லைக் கற்களையும் பார்க்க வேண்டியிருந்ததால் ஒரு நில அளவையாளரை அழைத்தோம். அவர் கொண்டுவந்தவை இரண்டு கருவிகள். செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தைக் கணிக்கலாம். வழியில் வளிமண்டலம் அந்தச் சமிக்ஞையைத் தாமதப்படுத்துவதால் கணக்குப் பிசகும். அதற்காக ஒரு கருவியை இடம் தெரிந்த ஒரு புள்ளியில் அசையாமல் நிறுத்திவிடுகிறார்கள். தனக்கு வரும் பிழையை அது வானொலி மூலம் மற்றதற்குச் சொல்லும். சில நூறு அடி தள்ளி நிற்கும் கருவிக்கும் ஏறக்குறைய அதே பிழைதானே? கழித்துவிடலாம். அத்தோடு 19 சென்ரிமீற்றர் நீளமுள்ள அலைகளையும் எண்ணிப் பார்ப்பதால், ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்குள் புள்ளி கிடைக்கிறது.

ஒரு மூலையையும் வரிசையின் திசையையும் கொடுத்ததும், மீதிப் புள்ளிகளைக் கருவியே கணக்கிட்டுக்கொண்டது. "முன்னே 40 சென்ரிமீற்றர், இடப்பக்கம் 12" என்று திரை காட்ட, அவர் நகர, பையன் கட்டை அடித்தான். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே கணிக்கப்படுவதால் ஒன்றின் பிழை அடுத்ததற்குத் தாவுவதில்லை. எனக்குப் பிடித்தது இதுதான். சரிவிலும் மட்டத் தூரமே கிடைத்தது.

ஆனால் எல்லையிலிருந்த பலா மரத்தடியில் கருவி தடுமாறியது. இலைகள் வானத்தை மறைத்தால் இப்படித்தானாம். அங்கே அவர் கட்டை அடிக்க மறுத்து, பக்கத்துக் கட்டைகள் இரண்டிலிருந்து நாடாவால் அளந்தார். கோலையும் அடிக்கொருதரம் நிமிர்த்தினார். இரண்டு மீற்றர் கோல் ஒரு பாகை சாய்ந்தால் நுனி மூன்றரை சென்ரிமீற்றர் விலகுமாம். மூன்றடிக் குழிக்கு அது பெரிதல்ல. எல்லைக் கல்லுக்கென்றால் அயலவரோடு சண்டை.

இரண்டு ஏக்கர் மட்டக் காணிக்கு மட்டும் இவ்வளவும் தேவையா என்று கேட்டால், இல்லையென்பேன். கயிற்றை இழுத்து மட்டமாகப் பிடிக்கத் தெரிந்த இருவர் போதும்.

பின்னேரம் கருவிகளைப் பெட்டியில் வைக்கும்போது, குழி வெட்ட வந்த வயதான காக்கா கேட்டார்: "தம்பி, குழி வெட்டக்குள்ள இந்தக் கட்டை எங்கே நிக்கும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே மூன்று வெட்டுள்ள பலகையை எடுத்தார். நடு வெட்டைக் கட்டையில் பொருத்தி, இரு நுனியிலும் இரண்டு குச்சிகளை ஊன்றினார். பிறகுதான் மண்வெட்டியைக் கையிலெடுத்தார்.